அகப்பையும் அரக்கும் ஈயமும்: மரப்பாண்டங்களுக்கு வண்ணம் வந்த வரலாறு



பொங்கல் திருநாள் நெருங்கினால் நம் தமிழ்ப்பள்ளிகளில் பானைக்கும் அகப்பைக்கும் வண்ணம் தீட்டும் போட்டி நடைபெறுவது வழக்கம். மாணவர்கள் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகத் தீட்டிக் கொணரும் அகப்பைகள் கண்ணுக்கு விருந்தாகும் என்பதில் ஐயமில்லை. போட்டி முடிந்தபின் அவ்வகப்பை எங்கே செல்கிறது என்பதே என் கேள்வி. வகுப்பறைச் சுவரில் தொங்கினால் கவலையில்லை. வீட்டுக்குச் சென்று, “பிள்ளை செய்தது” என்ற பெருமையோடு குழம்புச் சட்டிக்குள் இறங்கினால் என்னாகும்? இதற்கு விடை காண வேண்டுமாயின், நம் முன்னோர் மரப்பாண்டங்களுக்கு எதைப் பூசினர், எதைப் பூசாது விட்டனர் என்று சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். பதிவு சற்று நீளமானது. பொறுமையோடு படிக்குமாறு வேண்டுகிறேன்.

பேராக் மாநிலத்தின் பழைய ரப்பர்த் தோட்டங்களில், லயத்து வீட்டுச் சமையலறையில் இருந்த மரச்சாமான்களை நினைவுபடுத்திப் பாருங்கள். உலக்கை, பருப்பு மத்து, தயிர் கடையும் மத்து, சிரட்டை அகப்பை, தேங்காய்த் துருவி பொருத்திய பலகை, அரிவாள்மணை, முறுக்கு உரல், சப்பாத்திக் கட்டை. இவற்றுள் எதற்கேனும் வண்ணம் இருந்ததுண்டா? எனக்குத் தெரிந்தவரை இல்லை. மரத்தின் நிறமே அதன் நிறம். நாட்பட நாட்பட எண்ணெயும் புகையும் கைபட்ட மெருகும் சேர்ந்து அது கருத்துப் பளபளத்தது. ஏழைமையினால் வண்ணம் பூசவில்லை என்று சிலர் எண்ணக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. அதே மக்கள் தங்கள் குலதெய்வக் கோயிலுக்கும் காவடிக்கும் வண்ணம் பூசத் தயங்கியதில்லை. கொதிக்கும் உணவில் மூழ்கும் பொருளுக்கு வண்ணம் நிற்காது, உரியும் என்பது புழக்கத்தில் கண்ட உண்மை.

அப்படியாயின் தமிழர் மரபில் வண்ண மரச்சாமான்களே இல்லையா? உண்டு. திருநெல்வேலிச் சீமையில், தாமிரபரணிக் கரையிலுள்ள அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான்களுக்குப் பெயர் பெற்ற ஊர். சிறு அடுப்பு, சிறு பானை, கைக்குள் அடங்கும் உரலும் உலக்கையும், அம்மியும் குழவியும் என ஒரு முழுச் சமையலறையையே பொம்மையாகக் கடைந்து, செக்கச் செவேலென்று வண்ணமேற்றித் தருவர். மஞ்சக்கடம்பு போன்ற மென்மரங்களைக் கடைசல் எந்திரத்தில் சுழலவிட்டு இவை உருவாக்கப்பட்டன. உண்மையான சமையலறைக்கு வண்ணம் இல்லை. பொம்மைச் சமையலறைக்கு மட்டும் வண்ணம்! ஆனால் பொம்மையும் குழந்தையின் வாய்க்குள்தானே போகிறது? அங்கேதான் அரக்கு வருகிறது.

அரக்கு என்றவுடன் நம் மாணவர்களுக்குப் பாரதத்தின் அரக்கு மாளிகை நினைவுக்கு வரும். அது எளிதில் உருகும், எளிதில் தீப்பற்றும் என்பதை அக்கதையே சொல்லிவிடுகிறது. புரசு, இலந்தை முதலிய மரங்களின் சிறு கிளைகளில் கூட்டங்கூட்டமாக வாழும் ஒரு நுண்பூச்சி, மரச்சாற்றை உறிஞ்சித் தன்னைச் சுற்றிச் சுரக்கும் பிசினே அரக்கு. இலட்சக்கணக்கில் மொய்ப்பதால்தான் வடமொழியில் ‘லாக்ஷா’ என்னும் பெயர் அமைந்தது என்பாரும் உளர். கிளையிலிருந்து சுரண்டி எடுத்துக் கழுவினால் சிவப்புச் சாயம் நீரில் பிரியும். எஞ்சிய பிசினை உருக்கி வடிகட்டினால் தூய அரக்கு கிடைக்கும். இன்று மிட்டாய்களுக்கும் மாத்திரைகளுக்கும் பளபளப்பூட்டும் மேற்பூச்சாக உலகெங்கும் இதே அரக்கு பயன்படுகிறது. உணவுச் சேர்பொருள் பட்டியலில் அதற்கு 904 என்னும் எண் வழங்கப்பட்டுள்ளது. மிட்டாய் உறையைப் படித்துப் பாருங்கள், பல வேளைகளில் அவ்வெண் தென்படும்.

கடைசல்காரர் இதை மரத்தில் ஏற்றும் முறை அழகானது. அரக்கைக் கரியடுப்பின் அனலில் இளக்கி, வண்ணப்பொடி தூவி, சவ்வுமிட்டாய் இழுப்பதைப் போல இழுத்து மடித்து இழுத்து மடித்துக் கோலாக்குவர். சுழலும் மரத்தின்மீது அக்கோலை அழுத்தினால், உராய்வின் வெப்பத்திலேயே அரக்கு உருகி மரத்தில் பரவும். தூரிகை வேண்டா, கரைப்பான் வேண்டா, காயும்வரை காத்திருக்கவும் வேண்டா. பின்னர்த் தாழை மடலால் அழுத்தித் தேய்க்க, கண்ணாடிபோல் மெருகு ஏறும். கருநாடகத்தின் சென்னப்பட்டணத்திலும் ஆந்திரத்தின் எட்டிகொப்பாகாவிலும் இதே முறைதான். அவ்விரு ஊர்களிலும் பாலை இனத்தைச் சேர்ந்த வெண்ணிறமான மென்மரம் ஒன்றே பெரிதும் பயன்பட்டு வந்தது.

எட்டிகொப்பாகாவின் கதையில் நமக்கு ஒரு செய்தி உண்டு. இருபதாம் நூற்றாண்டில் ஆலைகளின் செயற்கை வண்ணப்பொடிகள் மலிவாகக் கிடைத்தபோது கைவினைஞர்கள் பலர் அவற்றுக்கு மாறினர். மாறியதில் வியப்பில்லை, நிறம் பளிச்சென்று இருந்தது, விலையும் குறைவு. அவ்வூரைச் சேர்ந்த சி. வி. ராஜு என்பார் பல ஆண்டுகள் முயன்று மஞ்சள், அவுரி முதலிய தாவரச் சாயங்களை மீண்டும் அரக்கில் ஏற்றும் வழிகளை உருவாக்கினார். 2023-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. (மஞ்சளில் ஏற்றிய நிறம் வெயிலில் வெளுத்துப்போகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அழகுக்கு வாங்குவோர் அதனைக் குறையென்பர்.)

அரக்கு உண்ணத் தீங்கற்றது என்பதால் அகப்பைக்கும் பூசலாமா என்றால், கூடாது. தீங்கினால் அன்று, அதன் இயல்பினால். ஏறத்தாழ 75 பாகை செல்சியசிலேயே அது இளகத் தொடங்கும். கொதிக்கும் சாம்பாரில் விட்டால் பூச்சு குழைந்துவிடும். சவர்க்காரம், சோடா உப்பு போன்ற காரப்பொருள்களும் அதனைக் கரைக்கும். எனவேதான் மரபில் அரக்குப் பூச்சு தொட்டில் கால், குங்குமச் சிமிழ், பெட்டி, விளையாட்டுச் சாமான், கருவிகளின் கைப்பிடி ஆகியவற்றில் நின்றது. மாலத்தீவில் ‘மாலாஃபை’ எனப்படும் பெரிய மூடியிட்ட அரக்கு மரத்தட்டுகளில் விருந்துணவைக் கொண்டுசெல்வர். அங்கும் அது பரிமாறும் பாண்டமே, சமைக்கும் பாண்டம் அன்று.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. “பழைய முறை என்றால் பாதுகாப்பு, இரசாயனம் என்றால் நஞ்சு” என்று மேடைதோறும் பேசுகிறோம். வரலாறு அவ்வளவு எளிதன்று. இலங்கையின் மாத்தளைப் பகுதியில் அரக்குக் கடைசல் இன்றும் வாழும் கலை. அக்கலையை விரிவாகப் பதிவு செய்தவர் ஆனந்த குமாரசுவாமி. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் 1877-இல் கொழும்பில் பிறந்த இவர், 1908-இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் அரக்கு வேலைப்பாட்டையும் விவரிக்கிறார். அம்மரபில் சிவப்புக்குச் சாதிலிங்கமும் மஞ்சளுக்கு அரிதாரமும் வழங்கின. சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. அரிதாரமோ ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது. நம் சித்த மருத்துவர்கள் இவ்விரண்டையும் பாடாண வரிசையில் வைத்து, சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்று விதித்ததும் இதனாலேயே. பிசின் தூயதாயினும் அதில் கலந்த பொடி எதுவென்று கேட்டே ஆக வேண்டும். ஐந்நூறு ஆண்டுப் பழமை ஒரு நஞ்சை நஞ்சன்று என்று ஆக்கிவிடாது.

சீனம், சப்பான், பர்மா நாடுகளின் பளபளக்கும் கிண்ணங்களையும் அரக்கு என்றே அழைக்கிறோம். அது வேறு. பூச்சியின் பிசினன்று; மரத்தை வெட்டி வடிக்கும் பால். பச்சையாகத் தோலில் பட்டால் கொப்புளம் எழும். ஈரக்காற்றில் முழுதாக இறுகியபின் சூடான சூப்பையும் தாங்கும் உறுதியான பூச்சாகும். நம் நாட்டுக் காடுகளில் உள்ள ரெங்காஸ் மரம் இதே குடும்பம். அதன் கறுத்த பால் பட்டு மேனி புண்ணானவர்களைப் பற்றித் தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டறியலாம். சிவந்த அழகான பலகை என்று அதனைக் கொண்டு காய் நறுக்கும் பலகை செய்ய முற்படுவோர் கவனிக்க.

இனி ஈயத்திற்கு வருவோம். ஈப்போவில் வாழும் நமக்கு ஈயம் என்பது செல்வத்தின் பெயர். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களே இந்நகரை எழுப்பின. ஆனால் அந்த ஈயம் வெள்ளீயம். வண்ணப் பூச்சுகளில் கலந்து குழந்தைகளைக் கெடுத்த ஈயம் காரீயம். இரண்டும் வெவ்வேறு தனிமங்கள். தமிழில் இரண்டுக்கும் ‘ஈயம்’ என்ற ஒரே சொல் வழங்குவதால் பெற்றோரிடையே குழப்பம் மிகுதி. மலாய்மொழியிலும் இதே கதைதான். ‘தீமா’ என்றால் வெள்ளீயம். ‘தீமா ஈத்தாம்’, அதாவது கறுப்பு ஈயம், என்றால் காரீயம். இரு மொழியாரும் ஒரே வகையில் பெயரிட்டிருப்பது எண்ணி மகிழத்தக்கது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் வெள்ளீயத்தாலேயே. அதில் மலிவுக்காகக் காரீயத்தைக் கலந்தால் புளியும் எலுமிச்சையும் அதனைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும். மாணவர்க்குத் தனிமங்களைக் கற்பிக்கும்போது இவ்வேறுபாட்டைச் சொல்லாமல் விடாதீர்கள்.

காரீயத்திலிருந்து வெள்ளை, சிவப்பு, மஞ்சள் ஆகிய வண்ணங்களை எடுக்கலாம். வெள்ளை ஈயம் நூற்றாண்டுக்கணக்கில் வீட்டுச் சாயத்தின் முதற்பொருளாக இருந்தது. சிவப்பு ஈயமே செந்தூரம். குரோமியத்தோடு சேர்த்தால் கண்ணைப் பறிக்கும் மஞ்சள். இதன் கொடுமையைக் குழந்தைகளின் உடலில் முதலில் தெளிவாகக் கண்டுகொண்டவர்கள் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மருத்துவர்கள். பிரிஸ்பேன் நகரில் 1890-களில் குழந்தைகள் பலர் ஈய நஞ்சால் பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்கு வந்தனர். நஞ்சு எங்கிருந்து வந்தது என்பது ஆண்டுக்கணக்கில் புலப்படவில்லை. 1904-இல் லாக்ஹார்ட் கிப்சன் என்னும் மருத்துவர், வீட்டுத் திண்ணையின் வண்ணம் பூசிய மரக்கைப்பிடிச் சுவர்களே காரணம் என்று எழுதினார். வெயிலில் காய்ந்து பொடியான சாயம் குழந்தையின் விரலில் ஒட்டியது; விரல் வாய்க்குச் சென்றது. அவ்வளவுதான்! நம் ஊரைப்போன்றே வெயிலும் மழையும் மரவீடும் உள்ள நாடு என்பதை நினைவிற் கொள்க.

அதன்பின் உலகம் விரைந்து திருந்தியதா என்றால் இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வெள்ளை ஈயச் சாயத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையை 1921-இல் நிறைவேற்றியது. ஆனால் அது சாயம் பூசும் தொழிலாளரைக் காக்கவே எழுந்தது. அமெரிக்கா வீட்டுச் சாயத்தில் ஈயத்தைத் தடுத்தது 1978-இல்தான். கிப்சன் எழுதி 74 ஆண்டுகள் கழிந்தபின்! 2007-இல்கூட, சீனாவில் தயாரான பொம்மைகளின் சாயத்தில் ஈயம் மிகுந்திருந்ததால் மேட்டல் நிறுவனம் இலட்சக்கணக்கான பொம்மைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. மஞ்சளுக்கும் விலக்கில்லை. வங்காளதேசத்தில் மஞ்சள் கிழங்குக்கு மினுக்கம் தருவதற்காக ஈயக் குரோமேட்டைத் தேய்த்து விற்றதை ஆய்வாளர்கள் 2019-இல் வெளிப்படுத்தினர். அரசு சோதனையும் தண்டனையும் தொடங்கியபின், சந்தையில் எடுத்த மாதிரிகளில் 47 விழுக்காட்டில் இருந்த கலப்படம் 2021-இல் இல்லாமற் போயிற்று. கண்டிப்பாக நின்றால் இரண்டே ஆண்டில் செய்யத்தக்க செயல் இது.

உண்ணும் ஈயத்தில் பெரியவர் உடல் ஏற்பதைப்போல நான்கைந்து மடங்கைச் சிறு குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பதும் அந்நிறுவனத்தின் கூற்று. கெடுவது மூளை வளர்ச்சி. வகுப்பில் கவனமின்றி இருக்கும் பிள்ளைக்கு வெளியே தெரியும் அறிகுறி எதுவும் இராது.

இப்போது நம் மண்ணின் மரத்துக்கு வருகிறேன். 1877-ஆம் ஆண்டில், குமாரசுவாமி பிறந்த அதே ஆண்டில், கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்பது பேராக்கின் கோலகங்சாருக்கு வந்தன. ஆங்கிலேய ஆட்சியாளர் ஹியூ லோவின் தோட்டத்தில் அவை நடப்பட்டன. அக்காலத்து மரமொன்று இன்றும் அந்நகரில் நிற்கிறது. மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்வோர் அவசியம் காட்டுக. அதன்பின் வந்த தோட்டங்களின் வரலாறு நாம் அறிந்ததே. நம் பாட்டன் பாட்டிமார் பால் வெட்டிய மரம், இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் பால் வற்றியபின் என்னாயிற்று? விறகாயிற்று. ரப்பர்த் தகடுகளைப் புகையூட்டும் கொட்டகையிலும் செங்கற்சூளையிலும் எரிந்தது. அதைப் பலகையாக அறுத்து விற்கலாம் என்னும் எண்ணம் 1970-களின் இறுதியில்தான் தொழிலாக வேரூன்றியது. அதன் பின்னணியில் கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தின் உழைப்பு பெரிது.

தாமதத்துக்குக் காரணம் உண்டு. ரப்பர் மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுதி. வெட்டிய ஓரிரு நாள்களிலேயே நீலக்கறைப் பூஞ்சை பிடிக்கும், பொடிவண்டு துளைக்கும். எனவே அறுத்தவுடன் மருந்தூட்டியாக வேண்டும். தொடக்கத்தில் பூஞ்சைக்கு எதிராகச் சோடியம் பென்டாகுளோரோபீனேட் என்னும் கொடிய மருந்தைப் பயன்படுத்தினர். அந்த மருந்துக் குடும்பத்தை ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2015-இல் ஒழிக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. இன்று பெரும்பாலும் போரான் உப்புகளைக் கரைத்து, கலத்தில் காற்றை நீக்கி, அழுத்தத்தால் மரத்துக்குள் செலுத்திச் சூளையில் உலர்த்துகின்றனர். போரான் மனிதர்க்கு அத்துணைக் கொடியதன்று என்றாலும் உணவாகாது. நீரில் கரையும் தன்மையும் உடையது. 1988-இல் நம் பேராக்கிலேயே நூடுல் உண்டு 13 குழந்தைகள் மாண்ட துயரத்தை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். பூஞ்சை நஞ்சாகிய அஃப்ளாடாக்சினே முதன்மைக் காரணம் என ஆய்வுகள் காட்டின. எனினும் போரிக் அமிலம் பற்றிய அச்சமும் அன்று மாநிலமெங்கும் பரவியது.

இதனை ஏன் விரித்துரைக்கிறேன்? கைவினை வகுப்புக்கு மேசை நாற்காலித் தொழிற்சாலைகளின் துண்டு மரங்களை இலவசமாகப் பெற்று வருகிறோம். நல்ல முயற்சிதான். புத்தகத் தாங்கி செய்யலாம், எழுதுகோல் கூடு செய்யலாம். கரண்டியும் கிண்ணமும் செய்யலாகாது. அம்மரம் எம்மருந்தில் ஊறியது, எப்பசையால் ஒட்டப்பட்டது என்பது நமக்குத் தெரியாது. உணவுக்கென்றே செய்து விற்கும் ரப்பர் மரப் பலகையும் கரண்டியும் வேறு வகை; அவற்றை அதற்குரிய குறிப்போடு வாங்கலாம். மணமற்ற, வெளிறிய, உறுதியான அம்மரம் சமையலறைக்கு ஏற்றதே.

பூச்சு வேண்டுமென்போர்க்குச் சில சொற்கள். எண்ணெய்கள் இருவகை: காற்றில் இறுகுவன, இறுகாதன. ஆளிவிதை எண்ணெயும் தூங் எண்ணெயும் காற்றிலுள்ள ஆக்சிசனை ஏற்று மரத்துக்குள்ளேயே திடப்படும். ஆனால் இரும்புச் சாமான் கடையில் ‘கொதிக்கவைத்த ஆளி எண்ணெய்’ என்று விற்பதை வாங்காதீர்கள். விரைந்து காய்வதற்காகக் கோபால்ட், மாங்கனீசு உப்புகளை அதில் சேர்ப்பர். உண்ணத்தக்க தூய எண்ணெயை மெல்லத் தடவித் துடைத்து, வாரக்கணக்கில் உலர விட வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் எறியாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவைத்த பின்னரே எறிக. தேங்காயெண்ணெய் இறுகாத இனம். பாட்டிமார் சிரட்டை அகப்பையில் அதனைத் தடவி வெயிலில் வைத்தனர். நாள்தோறும் புழங்கிக் கழுவும் பொருளுக்கு அது போதும், அலமாரியில் கிடந்தால் சிக்கு நாற்றம் எடுக்கும். மருந்தகத்தில் கிடைக்கும் வெண்ணிறத் திரவ பாரஃபினோடு தேன்மெழுகைச் சேர்த்து உருக்கித் தடவுவதும் நல்ல வழி. அது கெடாது, ஆனால் மாதந்தோறும் புதுப்பிக்க வேண்டும்.

மாணவர் வண்ணக் குப்பியில் ‘நஞ்சற்றது’ என்று அச்சிட்டிருப்பதைக் காட்டிப் பெற்றோர் வாதிடுவர். படம் வரையும்போது விரலில் பட்டால் தீங்கில்லை என்பதே அதன் பொருள். கொதிக்கும் புளிக்குழம்பில் ஊறலாம் என்பதன்று.

எனவே வரும் பொங்கலுக்கு இவ்வாறு செய்து பார்க்கலாம். அகப்பையின் பிடியில் மேல்நுனியிலிருந்து நான்கு விரல் அளவுக்கு மட்டும் வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். அதற்குக் கீழே ஒரு நூலைக் கட்டி எல்லை வகுத்துக்கொடுங்கள். குமிழும் பிடியின் எஞ்சிய பகுதியும் வெறும் மரமாகவே இருக்கட்டும். முழுவதும் வண்ணம் தீட்டியே தீர வேண்டுமென்று அடம்பிடிக்கும் பிள்ளைகள் இருப்பர். அவர்களுடைய அகப்பையின் குமிழில் ஒரு துளையிட்டுக் கயிறு கோத்துவிடுங்கள். குழம்பு மொள்ள முடியாது. சுவரில் அழகாகத் தொங்கும்.